மறுபாதி சொல்ல ஒரு குரல்

சாந்தோம், சென்னை
9 அக்டோபர் 2023

சோஃபியாவுக்கு,

உன் அம்மா கடிதம் எழுதினால் தாளின் உச்சியில் 'இயேசு மரி சூசை' என்று போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். நான் போடவில்லை. இப்போதைக்கு அந்த மூவரோடும் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஏழு வருடமாக இந்த வீட்டிலிருந்து உனக்கு எழுதியவள் மர்சலின்தான். அடியில் 'அப்பா நலம்' என்று ஒரு வரி போட்டதோடு என் வேலை முடிந்தது. அவளைக் குவிபிள் ஐலண்ட் கல்லறையில் வைத்துவிட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இனி எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். அடையாறு டெப்போவில் டைம் கீப்பராக இருந்து, பஸ் வந்த நேரம் போன நேரம் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாத கை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவின் முப்பதாம் நாளன்று நீ போனில் ஏதோ சொல்ல வந்தாய். "வராதவளுக்கு செபம் என்ன, பேச்சு என்ன" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். பெற்ற தாயை அடக்கம் செய்ய அனுப்பாத மடம் என்ன மடம்? மதிலுக்குள் போனவர் வெளியே வரக் கூடாது என்பது சட்டமாம். சட்டத்தை எழுதினவருக்கு அம்மா இல்லையா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வருகிற செப்டம்பர் எட்டு உனக்கு நித்திய வார்த்தைப்பாடு என்று அம்மா நாள் குறித்து வைத்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டால் சாகும்வரை அங்கேதான். அதற்கு முன்னால் விட்டுவிட்டு வந்தால் பாவமில்லை என்று நம் பங்குச் சாமியாரே சொல்கிறார். வந்துவிடு. எங்களுக்கு நீ ஒருத்திதான். உன் மடத்துத் தலைவி மதருக்கு நானே எழுதிக் கேட்கிறேன்.

வீட்டுச் செய்தி வேறொன்றும் இல்லை. சாயந்திரம் செபமாலைக்கு உட்கார்ந்தால், 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியை நான் சொல்வேன், 'தூய மரியே' என்று மறுபாதியை அவள் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இப்போது நானே கேட்டு நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பைத்தியக்காரன் வேலை. செபமாலையை ஆணியில் மாட்டிவிட்டேன்.

வால்டர்


இயேசு மரி சூசை
மோந்தே ராவோ மடம், இத்தாலி
30 அக்டோபர் 2023

என் அன்பு அப்பாவுக்கு சோஃபி எழுதுவது.

உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோணல் எதுவும் இல்லை அப்பா. டெப்போ பலகையில் இருந்த அதே எழுத்துதான். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் நான் எண் எழுதக் கற்றேன்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். அம்மா இருந்தால் அதட்டுவார். நான் கெஞ்சத்தான் முடியும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். வருகிறேன் என்று என்னால் எழுத முடியவில்லை. அம்மா போன பிறகும் இந்த வாழ்க்கை மேல் எனக்கு இருந்த ஆசை குறையவில்லை. இது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். பொய் எழுதினால் இன்னும் வலிக்கும்.

மதர் ப்ரூனாவுக்கு நீங்கள் தாராளமாக எழுதலாம். கடைசி வார்த்தைப்பாட்டுக்கு முன் வீட்டாருக்குத் தடை உண்டா என்று கேட்பது இந்த மடத்து வழக்கம். உண்டு என்றால் மதர் தள்ளி வைப்பார், வீட்டுக்கும் அனுப்பி வைப்பார். ஆனால் அவருக்கு இத்தாலியம் தவிர வேறு பாஷை தெரியாது. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் அதைப் படித்துச் சொல்ல இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன். ஆனால் நீங்கள் அதை நம்புவீர்களா?

இன்னொன்று. இங்கே வரும் கடிதங்களை மதர்தான் பிரித்துப் பார்த்துத் தருவார். அதுவும் சட்டம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எழுத்தைப் பார்த்து, "அவரைக்கொடி மாதிரி இருக்கிறதே" என்பது போல இவர்கள் ஊர்க் கொடி ஒன்றைச் சொல்லிச் சிரித்துவிட்டுத் தந்தார். தமிழ் அவருக்குப் பூட்டிய பெட்டி. அதனால் என்னைத் திட்ட வேண்டுமானால் தயங்காமல் திட்டுங்கள்.

டிசம்பரில் திருவருகைக் காலம் முழுவதும் எங்களுக்குக் கடிதம் எழுதவோ வாங்கவோ கூடாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை போன் உண்டு. எடுங்கள் அப்பா.

உங்கள் சோஃபி


சாந்தோம், சென்னை
20 நவம்பர் 2023

சோஃபியாவுக்கு,

நம்புவீர்களா என்று கேட்டாய். மாட்டேன். வழக்கும் உன் மேல், வக்கீலும் நீ என்றால் எந்த ஊர் நியாயம் அது? நான் "மகளைத் திருப்பிக் கொடு" என்று எழுதினால் நீ அதை "மகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று படிக்க மாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் நானே இத்தாலியம் படிக்கப் போகிறேன். படிக்க ஆரம்பித்தும் விட்டேன்.

சிரிக்காதே. மெஹபூப் பாஷா ஒருவன் சிரித்தது போதும். டெப்போவில் என்னோடு கண்டக்டராக இருந்தானே, அவன்தான். காலையில் மெரினாவுக்கு நடக்கப் போகும்போது சொன்னேன். "இன்னா வால்டரு, இந்த வயசுல இத்தாலி பாஷ கத்துக்கினு இன்னா பண்ணப் போற? அந்தம்மாவாண்ட சண்ட போடவா?" என்றான். ஆமாம் என்றேன். அப்புறம் சொன்னான்: "அப்ப கத்துக்கோ நைனா. சண்டன்னா சொந்த வாயால போட்டாத்தான் கெத்து."

வகுப்பு ஒன்று இருக்கிறதென்று போய்ப் பார்த்தேன். எல்லாம் வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகள். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. என் மகளை மடத்திலிருந்து மீட்க என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். போனில் தமிழைப் போட்டால் அதுவே மாற்றித் தருமாம். போட்டுப் பார்த்தேன். தந்தது. அது என்ன சொல்லியிருக்கிறது என்று எனக்கு யார் சொல்வது? அதற்கு நீயே பரவாயில்லை.

பிறகு எனக்கே ஒரு வழி தோன்றியது. பூசை எனக்கு மனப்பாடம். சாமியார் கையைத் தூக்கினால் என்ன சொல்லப் போகிறார் என்று தூக்கத்திலும் சொல்வேன். உன் இத்தாலிக்காரர்கள் பூசையும் அதே பூசைதானே? போனில் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரூட் தெரிந்த பஸ், போர்டு மட்டும் வேறு பாஷை. ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பிடித்துவிட்டேன். சமாதானம், அப்பம், பாவம், மகன், மன்றாட்டு எல்லாம் தெரிகிறது. தி. நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய்க் காதில் மாட்டுகிற கருவி கூட வாங்கிவிட்டேன். கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். எனக்கு என்றதும் ஏற இறங்கப் பார்த்தான்.

இந்தத் தாளின் பின்பக்கம் நானாக எழுதிய சில வரிகள். தப்பைத் திருத்தி அனுப்பு. எதற்காகப் படிக்கிறேன் என்று தெரிந்தும் திருத்துகிறாயா என்று பார்க்கிறேன்.

வால்டர்


இயேசு மரி சூசை
மோந்தே ராவோ மடம்
8 ஜனவரி 2024

என் அன்பு அப்பாவுக்கு,

திருவருகைக் காலம் இந்த முறை எனக்கு வருடம்போல் நீண்டது. சென்னையில் மழை, வெள்ளம் என்று செய்தியில் பார்த்த ஒரு சிஸ்டர் என்னிடம் சீட்டு எழுதிக் காட்டினார். எழுதிக் கேட்க வழியில்லை. கிறிஸ்துமஸ் அன்று போனில் உங்கள் குரல் கேட்கும்வரை எனக்கு உயிர் இல்லை. நீங்கள் "ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். அப்பா, ஒரு வரியாவது கூட்டிச் சொல்லக் கூடாதா?

உங்கள் வரிகளைப் பென்சிலால் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு எதிராகத் தீட்டுகிற கத்தி என்று தெரிந்துதான் சாணை பிடித்துத் தருகிறேன். ஏன் என்று கேட்டால், நீங்கள் சொல்ல நினைப்பதை மதரிடம் முழுவதும் சொல்லியாக வேண்டும். அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போனால் அந்த மிச்சம் காலம் முழுவதும் எனக்குள் கிடக்கும். அப்படி ஒரு வார்த்தைப்பாடு எனக்கு வேண்டாம்.

உங்கள் வரிகளைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பழைய சாமியார் எழுதியது போலவே இருக்கிறது. 'பாவங்களைப் போக்குகிறவரே' என்று பிழையில்லாமல் எழுதுகிறீர்கள். தாகமாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. முதலில் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கும் இங்கே யாரும் வகுப்பு எடுக்கவில்லை அப்பா. இது பேசாத வீடு. சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் பேச்சு. முதல் வருடம் சிஸ்டர் அஞ்ஞேசேயோடு சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடிதான் கற்றேன். அவருக்குக் காது மந்தம். நான் தப்பாகச் சொன்னாலும் அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பேசிப் பேசிப் பழகினேன். கத்தி, வாளி, உப்பு என்று கையில் கிடைத்ததைத்தான் முதலில் கற்றேன். நீங்கள் மேலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் தரையிலிருந்து ஆரம்பித்தேன். எங்காவது நடுவில் பார்த்துக்கொள்வோம்.

உங்கள் சோஃபி


சாந்தோம், சென்னை
5 பிப்ரவரி 2024

சோஃபிக்கு,

கூட்டிச் சொல்லச் சொன்னாய், கேட்டுக்கொள். மழையில் கீழ் வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. பாஷா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, "மேலயே இரு, எறங்காத" என்று தெருவிலிருந்தே கத்திவிட்டு, அவன் மனைவி ஜஹீதா கட்டிக் கொடுத்த குஸ்காவைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினான். போன் செத்துப் போனதால் இத்தாலியப் பாடமும் நின்றது. இருட்டில் உட்கார்ந்து தெரிந்த வார்த்தைகளையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே வந்து ஒதுங்கியிருந்த கீழ் வீட்டுக்காரர் எனக்கு ஜுரம் என்று நினைத்துவிட்டார்.

இப்போது முக்கியமான செய்தி. போன ஞாயிறு பத்து மணிப் பூசை முடிந்து வெளியே வருகிறேன், தோமையார் கல்லறையைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரக் கூட்டம். பேச்சைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, உன் ஊர்க்காரர்கள். இதற்காகத்தான் சில வாரங்களாக அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன் என்பதைப் பாஷாவிடம் சொல்லாதே.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்பதாக இருந்தேன். நன்றாகத் தயார் செய்து வைத்திருந்தேன். கிட்டே போனதும் அது மறந்துபோய், வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "லா பாச்சே சியா கோன் வோயி." அமைதி உங்களோடு இருப்பதாக! கூட்டம் முழுக்க அப்படியே நின்று, பூசையில் சொல்வது போல ஒரே குரலில் பதில் சொன்னது. ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். என்னைச் சாமியார் என்றே நினைத்துவிட்டார்கள் போல. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆனால் ஒரு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மடமடவென்று பேசினார். உன் வயது மகள் இருக்கலாம் அவருக்கு. எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. 'ஃபில்யா', மகள். 'லொந்தானா', தூரம். 'அங்கியோ' என்றேன். நானும் அப்படித்தான் என்று அர்த்தம். அவர் அழுதுவிட்டார். பூசைக்கு வெளியே நான் பேசிய முதல் இத்தாலியம் அதுதான்.

தவக்காலம் வருகிறது, திருவருகைக் காலம் போலவே உனக்குக் கடிதம் வராது. நல்லது. அதற்குள் மதருக்கு எழுத வேண்டியதை எழுதி முடிக்கிறேன்.

அப்பா, வால்டர்


சாந்தோம், சென்னை
8 ஏப்ரல் 2024

சோஃபிக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. அன்று போனில் உன் குரல் இளைத்துக் கேட்டது. தவக்காலத்தில் பட்டினி கிடந்திருப்பாய். எனக்குப் பிடிக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். மதருக்கு எழுதிய விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். முழுக்க இத்தாலியம். நீ படித்துத் தப்பைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பு. நல்ல தாளில் எழுதி, மயிலாப்பூர் போஸ்ட் ஆபீசில் மதர் பெயருக்கே பதிவுத் தபாலில் போடுவேன். விஷயத்தில் கை வைக்காதே. எழுத்தை மட்டும் திருத்து.

ஒன்று சொல்ல வேண்டும். முதலில் தமிழில் எழுதிவிட்டு மாற்றிப் பார்த்தேன். காது கிழிகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தேன், நடுவில் இரண்டு பழமொழி. ஒன்றும் அங்கே போய்ச் சேரவில்லை. 'பெத்த மனம் பித்து' என்பதை எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் எழுதினால் எனக்கே பைத்தியம் என்று வருகிறது. கிழித்துப் போட்டேன். தெரிந்த வார்த்தை கொஞ்சம்தான், அதற்குள் நின்று எழுதினேன். சிறுபிள்ளை எழுதியது போல இருக்கும். பரவாயில்லை.

பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போய் அந்தத் தாளை ஒரு நிமிடம் பீடத்தின் மேல் வைத்து எடுத்தேன். அம்மா இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். அவள் யார் பக்கம் வேண்டியிருப்பாள் என்பது எனக்குத் தெரியாது.

அப்பா


இயேசு மரி சூசை
மோந்தே ராவோ மடம்
2 மே 2024

என் அப்பாவுக்கு,

உங்கள் தாளை நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு முன்பே அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

இங்கே வரும் கடிதங்களை மதர் பிரிப்பார் என்று எழுதியிருந்தேனே, இரண்டு பேருமே மறந்துவிட்டோம். தமிழ் என்றால் அவருக்குப் பூட்டிய பெட்டி. நீங்கள் இந்த முறை அனுப்பியது திறந்த பெட்டி. உறையைப் பிரித்தவர் நின்ற இடத்திலேயே முழுவதும் படித்துவிட்டார். பிறகு என்னை அழைத்தார். முதலில் சிரித்தார். "உன் அப்பா என்னைக் கடவுளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டிருக்கிறார், 'கிருபை கூர்ந்து தந்தருளும்' என்கிறார்" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தாளை என் கையில் கொடுத்து, "இதைத் திருத்தாதே" என்றார்.

அப்பா, நீங்கள் எழுதியதை நான் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். 'என் மனைவி இல்லை. வீடு பெரியது. சாயந்திரம் பயமாக இருக்கிறது. நான் செபத்தின் முதல் பாதியைச் சொல்கிறேன். மறுபாதி சொல்ல ஒரு குரல் இல்லை. என் மகளுக்குக் குரல் உண்டு. அதை எனக்குத் தந்தருளும். என் மனைவி இறந்தபோது உங்கள் வீட்டில் ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. என் மகள் தனியாக அழுதாள்.'

தமிழில் இதையே நீங்கள் என்னிடம் கோபமாகச் சொல்லியிருந்தீர்கள். பைத்தியக்காரன் வேலை என்றீர்கள், ஆணியில் மாட்டிவிட்டேன் என்றீர்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லவே இல்லை. நீங்கள் பயப்படுவீர்கள் என்பதே முப்பத்தொரு வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

கடைசி இரண்டு வரி தப்பு என்று மதர் சொன்னார். எழுத்தில் அல்ல, விஷயத்தில். உன் அப்பாவிடம் சொல் என்றார். அன்று போனில் நான் சொல்ல வந்ததும் அதுதான். நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு சொன்னால் மடத்துக்காக வாதாடுவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இறந்த செய்தி வந்த அன்று மதர் என்னிடம், உங்கள் வீட்டில் இறந்தவருக்காக என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். செபமாலை என்றேன். உன் அம்மா எந்தப் பாஷையில் கேட்டுப் பழகியவர் என்றார். தமிழ் என்றேன். தமிழ் மறுபாதியை இத்தாலிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். சாப்பாட்டு அறையில் பெரிதாக எழுதி ஒட்டினேன். இங்கே பாதிப் பேர் எண்பது தாண்டியவர்கள் அப்பா. துணி துவைக்கும்போதும் தோட்டத்தில் தண்ணீர் விடும்போதும் 'தூய மரியே, இறைவனின் தாயே' என்று முணுமுணுத்துக்கொண்டே கற்றார்கள். 'வேண்டிக்கொள்ளும்' என்ற வார்த்தையில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். சிஸ்டர் அஞ்ஞேசே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டார். மர்சலின் என்ற பெயர் மட்டும் முதல் நாளே எல்லோருக்கும் சரியாக வந்தது. இவர்கள் ஊரிலும் அந்தப் பெயர் உண்டு.

முப்பதாம் நாள்வரை தினமும் அம்மா பெயரைச் சொல்லி, முதல் பாதியை நான் சொன்னேன். மறுபாதியை அவர்கள் சொன்னார்கள். நான் அழுதேன். தனியாக இல்லை.

இப்போது மதர் சொன்னதைச் சொல்கிறேன். "உன் அப்பா கேட்டது நியாயம். நீ போக விரும்பினால் போ. வார்த்தைப்பாடு ஒரு வருடம் காத்திருக்கும். திரும்பி வந்தால் வா, வராவிட்டாலும் உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை" என்றார். மூன்று நாள் சிற்றாலயத்தில் உட்கார்ந்து யோசித்தேன். வருகிறேன் என்று எழுத முடியவில்லை என்று முன்பு சொன்னேனே, இப்போது வர மாட்டேன் என்று எழுதவும் முடியவில்லை. போனால் திரும்பி வர எனக்குத் தைரியம் இருக்காது. ஏழு மணி செபமாலைக்கு உங்களைத் தனியாக விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

முடிவை உங்கள் கையில் கொடுக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். வந்துவிடுகிறேன்.

உங்கள் சோஃபி


இயேசு மரி சூசை
சாந்தோம், சென்னை
27 மே 2024

என் சோஃபிக்கு,

மேலே பார்த்தாயா, போட்டுவிட்டேன். முழுச் சமாதானம் என்று சொல்ல முடியாது. தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறோம்.

உன் கடிதம் வந்தபோது பாஷா இங்கேதான் இருந்தான். சத்தமாகப் படி என்றான். படித்தேன். அலமாரிச் சீட்டு வரைக்கும் வந்தபோது தாளை மடியில் வைத்துவிட்டேன். பாஷா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி, "அந்தக் கெயவிங்க நம்ம அண்ணிக்கோசரம் தமிழ் கத்துக்கிச்சா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப இன்னாத்துக்கு நைனா சண்ட?" என்றான். கேட்டுவிட்டு அவன் எழுந்து போய்விட்டான்.

அன்று சாயந்திரம் செபமாலையை ஆணியிலிருந்து எடுத்தேன். தூசியைத் துடைத்தேன். உட்கார்ந்து முதல் பாதியைச் சொன்னேன். மறுபாதியை நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், கடிகாரத்தைப் பார்க்காமலே நேரம் சொல்கிறவன் நான். அந்தக் கிழவிகள் 'வேண்டிக்கொள்ளும்' என்ற இடத்தில் தடுக்கி, எழுந்து, சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். பிறகு அடுத்த முதல் பாதி. அப்படியே ஐம்பது மணியும் சொல்லி முடித்தேன். மர்சலின் போன பிறகு சாயந்திரம் எனக்குப் பயமில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

வா என்று எழுதச் சொன்னாய். எழுதினேன். இந்தத் தாளுக்கு முன்னால் இன்னொரு தாள் இருந்தது. ஒரே வார்த்தை, கொட்டை எழுத்தில். உறையில் போட்டு ஒட்டி, பையில் வைத்துக்கொண்டு கச்சேரி ரோடு வரைக்கும் நடந்தேன். தபால் பெட்டி முன்னால் நின்றபோது நீ இங்கே திரும்பி வந்து வாழ்வதை நினைத்துப் பார்த்தேன். சோறு போடுவாய், மாத்திரை எடுத்துத் தருவாய், ஏழு மணிக்கு எதிரில் உட்கார்ந்து மறுபாதி சொல்வாய். எல்லாம் சரியாகச் செய்வாய். மனசை மட்டும் அங்கே விட்டுவிட்டு வந்திருப்பாய். எத்தனை வருடம் டெப்போவில் உட்கார்ந்திருந்தேன்! விருப்பத்தோடு வந்த வண்டி எது, வேறு வழியில்லாமல் வந்த வண்டி எது என்று டிரைவர் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் செபம் சொல்ல முடியாது. உறையைப் பெட்டியில் போடாமல் திரும்பி வந்து கிழித்துவிட்டேன்.

வராதே, சோஃபி.

சந்தோஷமாக எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். வலிக்கிறது. நாளைக்கும் வலிக்கும். நீ தனியாக அழுதாய் என்று நினைத்துக்கொண்டு இத்தனை மாதம் அந்த மடத்தைச் சபித்தேன். உன் அம்மாவின் பெயரைச் சொல்லி அழ அவளுக்குத் தெரியாத ஒரு வீடு நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டு வர எனக்கு இனி வாய் இல்லை.

நான் வருகிறேன். செப்டம்பர் எட்டுக்கு. பெசன்ட் நகர் திருவிழாவுக்கு நான் போகாத முதல் வருடமாக இருக்கும், மாதா மன்னிக்கட்டும். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாகிவிட்டது. பாஷா கூடவே வந்து, "தனியா போறியே, தண்ணி வேணும்னா இன்னா கேப்ப?" என்று பரீட்சை வைத்தான். 'அக்குவா' என்றேன். நீ சொன்ன பிறகு அதைத்தான் முதலில் கற்றேன்.

மதருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவரே முதலில் படிக்கட்டும். நீ திருத்தாதே. தடை எதுவும் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இந்த முறை கடவுளைக் கூப்பிடுவது போலக் கூப்பிடவில்லை, மனுஷியைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரே ஒரு வேண்டுகோள், அதை உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

வார்த்தைப்பாட்டுக்கு முந்தின நாள் சாயந்திரம், நீங்கள் ஆட்களைப் பார்க்கும் அறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல். அந்தப் பக்கம் நீயும் அவர்கள் எல்லோரும் உட்காருங்கள். சிஸ்டர் அஞ்ஞேசேயை முன்னால் உட்கார வை, நான் சத்தமாகவே சொல்வேன். மர்சலின் பெயரைச் சொல்லி முதல் பாதியை நான் ஆரம்பிக்கிறேன்.

உன் அப்பா